அக்கா குடிக்கவில்லை

சேலத்திலிருந்து வந்து ஏற்காடு பஸ் நிலையத்தில் இறங்கியபோது, அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பு தள்ளிக் கிடந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், நாக்கு குழறியது. தூக்கி நிறுத்தினேன், கால் பின்னியது. சுற்றிலும் கூட்டம்.

"நாகலூர் பஸ்ல வந்தாங்க. தண்ணி போட்டிருக்காங்க போலங்க, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க," என்றார் கண்டக்டர், குரலைத் தாழ்த்தி.

ஐந்து வேளை தொழுகிறவள் என் அக்கா. வாயருகே முகர்ந்தேன். நாகலூர்க் கல்யாண வீட்டில் குடித்த பாயசத்தின் ஏலக்காய் வாசனைதான் வந்தது.

இது முதல் தடவை இல்லை என்று அக்கா வீட்டில் மச்சான் சொல்லித்தான் தெரிந்தது. போன வருஷம் குடல் முறுக்கி, அக்காவின் சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இப்படி.

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லைங்கறாங்க. நான் வேற என்னன்னு நெனைக்கறது?" என்றார் மச்சான், என் முகத்தைப் பார்க்காமல்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். தயிருக்குப் புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலம் சரியான அளவில் இருந்தது. அந்த வரியைத் திரும்பப் படித்தேன். லாக்டிக் அமிலத்துக்கு, வலக்கை இடக்கை போல, இரண்டு வடிவங்கள் உண்டு. நம் உடம்பு செய்வது பெரும்பாலும் ஒன்றை. குடலிலுள்ள சில கிருமிகள் மற்றதையும் செய்யும்; அது மிஞ்சினால் குடித்தவரைப் போலத் தள்ளாட வைக்கும். வழக்கமான சோதனை முதலாவதை மட்டுமே அளக்கும். மற்றதைத் தொட்டால் மட்டும் ஒளிரும் சாயம் ஒன்றைத்தான் சேலத்தில் ஆராய்ச்சி மாணவியாக நான் செய்துகொண்டிருந்தேன்.

அன்று மாலையே பிடித்து வைத்த அக்காவின் சிறுநீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். ஒப்பிட என்னுடையதும். சாயம் கலந்து புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். என்னுடையது இருண்டே கிடந்தது. அக்காவுடையது பச்சையாகப் பற்றிக்கொண்டது. நானே அந்த அமிலத்தைக் கலக்கிய கரைசல்களில் மட்டுமே அதுவரை பார்த்த வெளிச்சம் அது.

"இதை வச்சு நோயைச் சொல்ல முடியாதும்மா. உடனே டாக்டர்கிட்ட போ," என்றார் என் பேராசிரியர்.

டாக்டர் அக்காவின் ரத்தத்தை வெளியூர்ச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அதே அமிலம்தான். குறுகிய குடலில் செரிக்காத இனிப்பும் சோறும் கீழே இறங்கிப் புளித்து, அந்த அமிலம் மூளை வரைக்கும் ஏறியிருக்கிறது. மருந்தும் சாப்பாட்டு மாற்றமும் போதும் என்றார். பின்னால் அதிலேயே குணமும் ஆயிற்று.

அன்று அவர் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டாள்:

"ஏனுங்க, நான் குடிக்கலைன்னு ஒரு சீட்டுல எழுதித் தருவீங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு எழுதித் தந்தார். அக்கா அதை வாங்கி, பக்கத்தில் நின்ற மச்சானிடம் நீட்டினாள்.