நான் தப்பாகப் படித்த இங்கிலீஷ்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது சென்னையில் இருந்த சித்தப்பா எங்களுக்கு ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினார். மாதச் சந்தா கட்டிப் புத்தகம் படிக்கிற ஒரு செயலியையும் அதில் போட்டிருந்தார். ஒரே சந்தாவில் வீட்டில் இருக்கிற எல்லோரும் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படிக்கலாம். அதுவரை எங்கள் வீட்டில் என் பாடப்புத்தகங்களும் ஒரு பஞ்சாங்கமும்தான் இருந்தன.

அம்மா சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் டியூட்டி முடிந்து வந்ததும் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் இங்கிலீஷ் கதையைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, ஓர் எழுத்தைக்கூட விடாமல் படிப்பார். 'நைஃப்' என்று நான் திருத்தினால், "முன்னால ஒரு கே நிக்குல்லா, அதை என்ன செய்ய?" என்பார். முதல் மாதம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போனது.

ஒருநாள் சித்தப்பா போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ் மட்டும் வந்துட்டா போதும் மதினி. தங்குறது, சாப்பாடு எல்லாம் அங்கனயே. ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்."

என்னைக் கண்டதும் அம்மா ஸ்பீக்கரை அணைத்தாள். என் வகுப்பில் படித்த ஒருத்தியை அதற்கு முந்தின வருடம்தான் மலைமேல் இருக்கிற இங்கிலீஷ் பள்ளியின் ஹாஸ்டலில் சேர்த்திருந்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவள், முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புகிறவளாக மாறியிருந்தாள். அடுத்தது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இங்கிலீஷ் வந்தால்தானே அனுப்புவார்கள்? மறுநாளிலிருந்து தப்பாகப் படிக்க ஆரம்பித்தேன். நன்றாகத் தெரிந்த சொற்களைக்கூட உடைத்தேன், விழுங்கினேன். அம்மா கோபப்படவே இல்லை. ஒவ்வொரு தப்பையும் திருத்தி, தானும் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பாள். "பிள்ளைக்கு வர வர மறந்துட்டே போகுது" என்று அப்பா கவலைப்பட்டார்.

பிறகு ஒருநாள் டேப்லெட்டைத் திறந்தபோது, நாங்கள் படிக்கிற கதைக்குப் பதில் வேறொரு புத்தகம் வந்தது. ஒரு நீளமான அறை. வரிசையாக வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள். ஒரு கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்க, இன்னொருத்தி குனிந்து ஏதோ கேட்கிறாள். அதுதான் ஹாஸ்டல் என்று நினைத்தேன். அந்த வாரமே சக்கரம் வைத்த ஒரு பெரிய பெட்டி வீட்டுக்கு வந்தது. யாருக்கு என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. சோறு இறங்கவில்லை. மந்திரிக்கலாமா என்று அப்பா யோசித்தார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா சொன்னார், "நாளைக்கு மூணு பேரும் மதுரைக்குப் போறோம். இங்கிலீஷ் பரீட்சை. வெள்ளன எந்திரிக்கணும்."

காலையில் அம்மா குளிக்கப் போன நேரம் ஷெட்டுக்குள் ஓடி நூல் மூட்டைகளுக்குப் பின்னால் புகுந்துகொண்டேன். தறிச் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது, நான் அழுதாலும் கேட்காது. எவ்வளவு நேரம் இருந்தேனோ. திடீரென்று ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. அப்பா ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார். நான்காவதும் நின்றபோது என் விக்கல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

மூட்டையை விலக்கியவள் அம்மா. கழுத்து வியர்த்திருந்தது.

"ஏட்டி, உன்னை எங்கெல்லாம் தேடுதோம். இங்கன வந்து எதுக்கு இருக்கே?"

"நான் பரீட்சை எழுத மாட்டேன். ஹாஸ்டலுக்கும் போக மாட்டேன். என்னை அனுப்பாதம்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு தறியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினார். அம்மா என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எங்கயும் போகல மக்கா. பரீட்சை எனக்கு. பாஸ் பண்ணிட்டா வெளிநாட்டுல ஆஸ்பத்திரி வேலை. அம்மாதான் போகணும். உங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன்."

"அப்ப பெட்டி?"

"எனக்குத்தான்."

அம்மா அந்தப் பரீட்சையில் தேறினாள். நான் செய்த தப்புகளையெல்லாம் திருத்தித் திருத்தித்தான் தன் நாக்கு இங்கிலீஷுக்கு வளைந்தது என்று பின்னாளில் போனில் சொன்னாள். இரண்டு வருடம் என்று போனவள் திரும்பி வர ஆறு வருடம் ஆனது.

ஆனால் அன்று காலை எனக்கு ஒரே சந்தோஷம். ஹாஸ்டல் இல்லை, கட்டை முடி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரிம்மா" என்றேன். எனக்குப் பசித்தது. இட்லி சாப்பிட அடுப்படிக்கு ஓடினேன். மூன்று தின்று நாலாவதை எடுக்கும்வரை, பஸ்ஸுக்கு நேரமாகியும், ஷெட்டிலிருந்து அம்மா வரவில்லை. ஏன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.