நீச்சல் குளத்தில் விழுந்த என் ஃபோர்ஹேண்ட்

போன மாதம், ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் கொண்டோ குடியிருப்பின் நீச்சல் குளத்தில் பிலோமினா ஆன்டி மார்பளவு தண்ணீரில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு அது நல்லதாம். அப்போது வானத்திலிருந்து ஒரு மஞ்சள் பந்து வந்து, அவர் காதோரமாகத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

பந்து என்னுடையது.

எங்கள் டென்னிஸ் கோர்ட் கார் பார்க்கின் மொட்டை மாடியில் இருக்கிறது. நீச்சல் குளம் அதற்கு ஒரு மாடி கீழே, பக்கத்திலேயே. நடுவில் ஒரு கம்பி வேலி... உயரம் போதாது. கட்டடத்தை வரைந்தவர் டென்னிஸ் ஆடியிருக்க மாட்டார். ஆடியிருந்தால் ரொம்ப நன்றாக ஆடியிருக்க வேண்டும்.

வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். ஆன்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சுபா, நான் தண்ணியில நடக்க வரேன்லா. கோல்கீப்பர் வேலைக்கு வரல.”

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முந்தைய வாரமும் அதே இடத்தில் நின்று அதே வார்த்தைகளில் கேட்டிருந்தேன்.

அன்று மாலையே சந்திரன் அங்கிள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் தலைவர். மென்மையாகப் பேசுவார், ஆனால் பேசி முடித்தபின் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. விஷயம் இதுதான்: மாதக் கடைசியில் குழு கூடுகிறது. டென்னிஸ் கோர்ட்டைப் பிக்கிள்பால் கோர்ட்டுகளாக மாற்றலாமா என்று பேசப்போகிறார்கள். கோலாலம்பூரில் இப்போது யாரைப் பார்த்தாலும் பிக்கிள்பால்தானே! சின்ன இடம், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, பலகை மாதிரி ஒரு மட்டை. பந்து பறக்காது என்பது அங்கிளின் முக்கியமான வாதம்.

“அதுவரைக்கும் ஒரு பந்துகூட குளத்துல விழக்கூடாதும்மா. விழுந்தா என்னால ஒண்ணும் பேச முடியாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்காக மட்டும் என்றால் நான் மறுநாளே ஒரு பிக்கிள்பால் மட்டை வாங்கியிருப்பேன். பிரச்சினை என் அண்ணி.

அண்ணி கலாவதி கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வாரம் முழுவதும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் போய்வருகிறவர். சனிக்கிழமை காலை என்னுடன் ஆடும் டென்னிஸ்தான் அவருக்கென்று இருக்கும் ஒரே நேரம். அண்ணன் அந்த நேரத்தில் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே, என்னை விட்டால் அவருக்கு ஜோடியும் இல்லை.

அங்கிள் போனபின் அண்ணி சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவினார். துடைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே பேசினார்.

“ஆஸ்பத்திரியில எல்லாரும் மிஸ்ஸி, மிஸ்ஸின்னு கூப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்தா அண்ணி. அங்க மேல மட்டும்தான் எனக்கு ஒரு பேரும் இல்ல சுபா. பந்து மட்டும்தான்.”

இதற்குமேல் ஒருவரால் எப்படித் தூங்க முடியும்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பட்டியல் பைத்தியம் தெரியும். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். எது தப்பானாலும் முதலில் சந்தேகப் பட்டியல் போடுவேன். என் ஃபோர்ஹேண்டுக்கும், அதாவது வலப்பக்க அடிக்கும், போட்டேன். முதல் குற்றவாளி ரேக்கெட் — ஆபீஸ் தோழியிடம் வேறொன்று இரவல் வாங்கினேன். இரண்டாவது, ஸ்ட்ரிங் தளர்ந்திருக்கலாம் — கடையில் கொடுத்து இழுத்துக் கட்டச் சொன்னேன். மூன்றாவது காலணி. நான்காவது பந்துகள், பழசாகிவிட்டன. எல்லாவற்றையும் மாற்றி முடித்தபோது அண்ணி கேட்டார்:

“அஞ்சாவதா ஒரு ஆளு பாக்கி இருக்கே. அவங்களை எப்ப மாத்தப்போற?”

சரி. நானே குற்றவாளி என்று வைத்துக்கொண்டு யோசித்தேன்.

தொழிற்சாலையில் எங்களுக்குத் தெரிந்த ஓர் உண்மை உண்டு. ஓர் இயந்திரம் எல்லாப் பாகங்களையும் ஒரே மாதிரி தப்பாகச் செய்தால் நாங்கள் கவலைப்பட மாட்டோம். ஒரு திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு மாதிரி தப்பாகச் செய்தால்தான் தலைவலி. என் ஃபோர்ஹேண்ட் இரண்டாவது ரகம். ஒன்று வலையில் போய் மோதும். அடுத்தது அழகாகக் கோட்டருகே விழும், நானே கைதட்டிக்கொள்ளலாம்போல. அதற்கடுத்தது பிலோமினா ஆன்டிக்கு.

அடிக்கும் வேகமா காரணம்? வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் மாறுவது எது?

அடுத்த பயிற்சியில் என் கைப்பேசியைத் தலைமுடி பேண்டால் வேலியில் கட்டி, வீடியோ எடுத்தேன். கோர்ட்டோரத் தரையில் உட்கார்ந்து, அண்ணியும் நானும் அதை மிக மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். 

பார்க்கச் சகிக்கவில்லை. பந்து ரேக்கெட்டில் படும் அந்தக் கணத்தில் என் கண்கள் பந்தில் இல்லை. எதிர்ப்பக்கம் எங்கே விழப்போகிறது என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பந்தை முழங்காலுக்கு முன்னால் சந்திக்கிறேன், இன்னொன்றை இடுப்புக்குப் பக்கத்தில், இன்னொன்று என்னைத் தாண்டியே போய்விட்ட பிறகு. தாமதமாகிவிட்டதைச் சரிக்கட்டக் கடைசி நொடியில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுகிறேன்... சுளீரென்று.

அண்ணி அந்த இடத்தை நிறுத்தி, திரும்ப ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“இது டென்னிஸே இல்ல சுபா. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஷட்டல் தட்டுற கை இது.”

அடடா!

மலேசியாவில் தரைவீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு முன் இரும்புக் கேட்தான் எங்களுக்கு வலை. அண்ணன் உள்ளே, நான் ரோட்டில். மாலையானால் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான் பூப்பந்து நடக்கும். கார் வந்தால் ஒதுங்கி நிற்போம், போனதும் தொடர்வோம். அங்கே மணிக்கட்டுதான் ராஜா. ஷட்டலை எவ்வளவு தாமதமாகச் சந்தித்தாலும் ஒரு சுண்டு சுண்டினால் போதும். எவ்வளவு பலமாகச் சுண்டினாலும் அந்த இறகுகள் காற்றில் தாமே வேகம் குறைந்து, நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

டென்னிஸ் பந்துக்கு அந்த நல்ல குணம் கிடையாது. கனமானது. கொடுத்த வேகத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அது ஸ்ட்ரிங்கில் ஒட்டியிருக்கும் நேரமோ கண் சிமிட்டுவதைவிடக் குறைவு. அந்தத் துளி நேரத்தில் ரேக்கெட்டின் முகம் கொஞ்சம் வானத்தைப் பார்த்திருந்தால் பந்து குளத்துக்கு. கொஞ்சம் தரையைப் பார்த்திருந்தால் வலைக்கு. மணிக்கட்டைச் சுண்டும்போது அந்த முகம் ஒவ்வொரு கணமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கணத்தில் பந்து வந்து படும் என்பது அதிர்ஷ்டம்.

ஆக, நான் இத்தனை நாள் விளையாடியது டென்னிஸ் அல்ல, லாட்டரி.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து? அண்ணி நர்ஸ் அல்லவா... அடுத்த பயிற்சிக்கு ஒரு கிரேப் பேண்டேஜோடு வந்தார். என் வலது மணிக்கட்டை உள்ளங்கை வரை இறுக்கிச் சுற்றி, சேஃப்டி பின் குத்தினார். இனிச் சுண்ட நினைத்தாலும் சுண்ட முடியாது.

அந்தக் கட்டோடு லிஃப்டில் போனபோது பிலோமினா ஆன்டி ஏறினார். கையைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. ஐயோ, விழுந்திட்டியா, எலும்பா, எக்ஸ்ரே எடுத்தியா என்று விசாரித்தார். ஆட்டுக்கால் சூப் வைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். சூப் ஆசையை அடக்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

“கைக்கு ஒண்ணும் இல்ல ஆன்டி. பந்து உங்க பக்கம் வராம இருக்கத்தான் அண்ணி கட்டிப்போட்டிருக்காங்க.”

ஆன்டி கட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“நல்ல காரியம். அந்தக் கையையும் கட்டச் சொல்லு.”

அடுத்த பிரச்சினை, பந்தை எங்கே சந்திப்பது என்பது. அண்ணி என் ரேக்கெட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பந்துகளை மெல்ல உருட்டிவிடுவதுபோல் வீசினார். ஒரு குதிப்புக்குப் பிறகு நான் வெறுங்கையால் பிடிக்க வேண்டும். பிடித்தேன். பிடித்த இடத்திலேயே கையை அசைக்காமல் நில் என்றார். குனிந்து பார்த்தேன். கை எனக்கு முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில், முழங்கை லேசாக மடங்கி, இடுப்புயரத்தில் இருந்தது. அடுத்த பந்தும் அதே இடம். அதற்கடுத்ததும்!

யோசித்துப் பாருங்கள். யாராவது உங்களிடம் சாவியைத் தூக்கிப் போட்டால், அது உங்களைத் தாண்டிப் போகட்டும் என்று காத்திருப்பீர்களா? கை தானாக முன்னால் போய் வாங்கிக்கொள்ளும். கண்ணும் கை வரைக்கும் கூடவே போகும். என் கைக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ரேக்கெட்டைக் கொடுத்ததும்தான் கிள்ளான் தெருவுக்குத் திரும்பி ஓடிவிடுகிறது.

பிறகு ரேக்கெட்டோடு. பாதி வேகத்தில். பந்தைப் பிடிக்கும் இடத்திலேயே அடி. அடித்த பின்னும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிரு, பந்து எங்கே போனது என்று நான் சொல்கிறேன் — இது அண்ணியின் கட்டளை. இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நாம் செய்த வேலையின் பலனை உடனே பார்க்காமல் இருப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? 

“வலை... உள்ள... உள்ள... வலை... உள்ள,” என்று அண்ணி எதிர்ப்பக்கத்திலிருந்து அறிவித்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ‘வலை’ குறைந்தது. ஒரு பந்து வேலியின் மேல்கம்பியில் உட்கார்ந்து, யோசித்து, எங்கள் பக்கமே விழுந்தது. இருவரும் மூச்சு விட்டோம். வேலை முடிந்து வந்த மாலைகளிலும் கார் பார்க் தூண் ஓரத்தில் நின்று, வெறுங்கையால் பந்து பிடித்துப் பழகினேன். செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் போனார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அன்று மாலைதான் கூட்டம். காலையில் நாங்கள் ஆடத் தொடங்கியதும், சந்திரன் அங்கிள் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பிப் பொட்டலத்தோடு வந்து வேலியோரம் நின்றார். ஸ்ட்ராவை உறிஞ்சியபடி பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பிலோமினா ஆன்டி தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார்.

என் கையில் கட்டு இல்லை. அண்ணிதான் அன்று வேண்டாம் என்றார். கட்டோடு ஆடினால் அங்கிளுக்கு நம்பிக்கை வராது என்பது அவர் கணக்கு. அண்ணி மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்து, முதல் பந்தை அனுப்பினார்.

முன்னால். கண். டொக்.

சத்தமே வேறு மாதிரி இருந்தது. ரேக்கெட்டின் நடுவில் பட்டால் கையில் அதிர்வே இருக்காது, கேட்டால் மட்டும்தான் தெரியும். பந்து திரும்பி வந்தது. மறுபடி டொக். மறுபடி. வேகமில்லை, அழகில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வலையைத் தாண்டி, கோட்டுக்குள் இறங்கியது. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணும் பழக்கமுள்ள நான் எண்ண மறந்தேன் என்றால் பாருங்களேன். 

அண்ணி ஒரு பந்தை வலையில் அடித்து நிறுத்தியபோது, அங்கிளின் காப்பி தீர்ந்திருந்தது.

“இவ்ளோ சுலபமா இருக்கே,” என்றபடி கதவைத் திறந்து உள்ளே வந்தார். “நானும் ஒரு காலத்துல பூப்பந்து ஆடினவன்தான். குடும்மா, ஒண்ணு அடிச்சுப் பாக்கறேன்.”

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரேக்கெட்டைக் கொடுத்தேன். அண்ணி மிக மரியாதையாக, மெதுவாக ஒரு பந்தை அனுப்பினார்.

அங்கிள் காத்திருந்தார். பந்து அவரைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு மணிக்கட்டை ஒரு சுண்டு.

பந்து மேலே போனது. இன்னும் மேலே. வேலியைத் தாண்டியது. ஒரு மோனோரயில் தூரத்தில் கடந்தது. பிறகு, கீழே, அந்தப் பழகிய சத்தம்.

“சுபா!”

என் வாய் பழக்கதோஷத்தில் மன்னிப்புக்குத் தயாராகிவிட்டது. அண்ணி முந்திக்கொண்டார்.

“பதில் சொல்லுங்க அங்கிள்.”

சந்திரன் அங்கிள் கொஞ்ச நேரம் ரேக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்ட்ரிங்கைத் தடவினார். என் பட்டியலின் முதல் இரண்டு சந்தேகங்கள் அவர் முகத்தில் ஓடுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பின்பு வேலியோரம் போய் எட்டிப் பார்த்தார்.

“நான்தான் பிலோமினா. சாரி லா.”

கீழேயிருந்து ஆன்டியின் குரல் வந்தது.

“ஏன், உங்களுக்குக் கட்டு போட வீட்டுல ஆள் இல்லையா?”

அன்று மாலைக் கூட்டத்தில் பிக்கிள்பால் பேச்சு வந்தபோது, தலைவரே எழுந்து, கோர்ட்டில் ஒரு குறையும் இல்லை, வேலிதான் குட்டை என்றாராம். வேலிக்கு மேல் வலை கட்டுவதென்று முடிவானது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன அண்ணி, ரேக்கெட்டை எடுத்து அதன் பிடியில் புதிதாக டேப் சுற்ற உட்கார்ந்தார். மெல்ல ஒரு பாட்டு முணுமுணுத்ததாகக்கூட ஞாபகம்.

ஒரு வேலை சரியாக நடக்கும்போது அது யாருக்கும் சுலபமாகத்தான் தெரிகிறது. அதுதான் அது சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம். சுலபம் என்று யாராவது சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். ரேக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், போதும்.

இப்போது சனிக்கிழமைகளில் சந்திரன் அங்கிளும் எங்களுடன் ஆட வருகிறார் — மணிக்கட்டில் அண்ணி சுற்றிவிட்ட கட்டோடு.