ஸ்டெல்லா டீச்சர் இறக்கிய தொட்டிகள்

செய்தி வந்தபோது மந்தைவெளியில் பேருந்துக்காக நின்றிருந்தேன். "அம்மா காலைல போயிட்டாங்க, ஆன்ட்டி" என்றாள் ஸ்டெல்லாவின் மகள். அழுகை வரவில்லை. வந்த பேருந்தை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாந்தோமில் ஒரே பள்ளியில் அவள் கணக்கும் நான் தமிழும் நடத்தினோம். எங்களிடம் படித்த உங்களில் பலருக்கு அது தெரியும். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், பால்கனியில் மஞ்சளாகிக் கிடந்த என் செம்பருத்தியைப் பார்த்தாள். கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டுகிறதென்று தொட்டியின் துளையைச் சிமெண்டால் அடைத்திருந்தேன். தொட்டியைச் சாய்த்தாள், அழுகல் நாற்றம்.

"என்னாடி மீனா, வேர மூழ்கடிச்சிட்டியே!"

சிமெண்டைக் குத்தி எடுத்தாள். துளைமேல் ஓட்டுச்சில்லை வைத்து, மண்ணில் மணலும் தேங்காய்நார்த்தூளும் கலந்து நட்டாள். செங்கற்கள்மேல் தொட்டியைத் தூக்கி வைத்து, அடியில் தட்டு வைத்தாள். "ஊத்துறதோட முடியல. தட்டுல நிக்கிறதக் கொட்டணும், தெனமும்." செடி பிழைத்தது.

அவளுடைய தொட்டிகள் அடையாறில், அவள் இருந்த குடியிருப்பின் மொட்டைமாடியில் இருந்தன. ஒரு மழையில் மாடியில் தண்ணீர் தேங்கி மேல்வீட்டுக் கூரை ஒழுகியது. தொட்டி மண்தான் வடிகுழாயை அடைத்துவிட்டது என்றார்கள் குடியிருப்புச் சங்கத்தார். முட்டிவலியோடு முப்பது தொட்டிகளையும் இறக்கிக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த மழையிலும் தண்ணீர் நின்றது. ஸ்டெல்லாவே மேலே போய், வடிகுழாய்க்குள் கைவிட்டு இழுத்தாள். வந்தது, பெயிண்ட் அடித்தவர்கள் விட்டுப்போன சிமெண்ட் சாக்கு.

"அவங்ககிட்ட காட்டுனியா?" என்று கேட்டேன்.

"காட்டுனேன். 'சரி டீச்சர்'னாங்க. தொட்டியத் திரும்ப வச்சிக்கோங்கன்னு ஒருத்தரும் சொல்லல. மனசு விட்டுப்போச்சு மீனா. இனிமே யாரு தூக்குறது?"

அடக்கத்தன்று அந்தக் குடியிருப்பின் செயலாளர் என்னிடம் வந்தார். "டீச்சருக்கு எங்க மேல வருத்தம் எதுவும் இல்லையே மேடம்?"

"இருந்துச்சு சார்" என்றேன்.

அன்று பேசியவர்கள் எல்லாரும் அவளுடைய பொறுமையைச் சொன்னார்கள். அது அவர்களிடமே இருக்கட்டும். நான் வைத்துக்கொள்வது அவளுடைய வருத்தத்தை. அதை அவள் என்னிடம்தான் சொன்னாள்.