எலி வண்டியில் வெள்ளிமலை

முப்பத்தொன்பது வயது வரைக்கும் நான் ஸ்பேனரைக் கையில் தொட்டதில்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டைகளை எடை போடுவது என் வேலை. சைக்கிள் செயின் கழன்றால்கூட யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். அப்படிப்பட்டவன் ஒரு மோட்டார் சைக்கிளைக் கடைசி நட்டு வரைக்கும் பிரித்துப் போட்டேன் என்றால் அதற்குக் காரணம் என் மனைவி. அவள் கேட்டுப் பிரிக்கவில்லை. என் பின்னால் உட்கார மாட்டேன் என்றதனால் பிரித்தேன்.

அதற்கு மூன்று வருஷம் முன்பு திருநாவலூர்க் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு வளைவில் மணல் கொட்டிக் கிடந்த இடத்தில் வண்டியோடு விழுந்தோம். எனக்கு முழங்கையில் வெறும் சிராய்ப்பு. அவளுக்கு வலது கால் முறிந்துவிட்டது. அவளும் அதே ஆலைதான். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலாலேயே கிண்டியபடி நாள் முழுக்க நடக்கிற வேலை. எலும்பு கூடிய பிறகும் அந்த நடை அவளுக்குத் திரும்பவில்லை. சாக்கு தைக்கிற மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் வண்டியில் ஏறவும் இல்லை. ஆலைக்கு ஷேர் ஆட்டோ, வெளியூருக்கு பஸ். நானும் வீம்புக்கு வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு சைக்கிளுக்கு மாறினேன். என் கையை அவள் நம்பவில்லை என்று எனக்கு மனசை அறுத்தது. நேராகக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஒருநாள் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த எலி வண்டி அகப்பட்டது. ‘ராட் பைக்’ என்கிறார்கள். பளபளப்பு ஆகாது, பொருத்தம் பார்க்கக்கூடாது, கிடைத்ததை மாட்டி ஓட்ட வேண்டும், அடிபட்ட தழும்பை மறைக்கக்கூடாது. இவ்வளவுதான் அதன் இலக்கணம். பார்த்ததும் எழுந்துபோய்த் தார்ப்பாயை உருவினேன். இந்தத் தகுதியெல்லாம் என் வண்டிக்கு ஏற்கெனவே இருந்தது!

ஆலையில் இருந்த ஃபிட்டர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்துகொள்வார். தொடமாட்டார். நான் தப்பாகத் திருகும்போது மட்டும் “த்சோ” என்பார். எஞ்சினைப் பிரித்த அன்று பிஸ்டனைக் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். டீ கிளாஸ் அளவுகூட இல்லை. இதுவா எங்கள் இரண்டு பேரையும் இத்தனை வருஷம் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனது? நாள் முழுக்க மூட்டையின் கனத்தையே பார்க்கிற கண் எனக்கு. அந்தக் கண்ணுக்கு அந்தச் சின்னப் பொருள் நம்ப முடியாததாக இருந்தது. அவள் சாப்பிடக் கூப்பிட்டபோதும் அதைக் கீழே வைக்க மனசு வராமல் கையோடு எடுத்துக்கொண்டு போய்த் திட்டு வாங்கினேன்.

மற்ற சாமான்கள் ஆலையின் பழைய இரும்புக் குவியலிலிருந்து, முதலாளியிடம் கேட்டுத்தான், வந்தன. நெல்லை மேலே தூக்கிக்கொண்டு போகிற வாரில் மாட்டியிருக்கும் இரும்புக் கிண்ணம் ஒன்று ஹெட்லைட்டுக்குக் கூடாயிற்று. அந்த வாரையே வெட்டி சீட்டுக்கு உறையாகத் தைத்தேன். எஞ்சினுக்கு முன்னால் ஒரு பழைய சல்லடைத் தகட்டை நிறுத்தி, சேறு அடிக்காமலிருக்க அதன் உள்பக்கம் ரப்பரும் வைத்து இறுக்கினேன். பார்க்க முரட்டுத்தனமாக, அய்யனார் கோயில் காவல்காரர் மாதிரி இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்டை வாங்கி, டாங்கில் இருந்த சிராய்ப்பை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சின் உட்பட எல்லாவற்றுக்கும் மூன்று கோட்டிங். ஃபிட்டர் அண்ணன் அந்த வாரம் வரவில்லை. வந்திருந்தால் “த்சோ” கேட்டிருக்கும்.

ஏழு மாதம் ஆயிற்று. வண்டி முதல் தடவை உதைத்துக் கிளம்பியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் மாட்டிய நட்டு, நான் திருகிய போல்ட், எல்லாம் சேர்ந்து சத்தம் போடுகிறது! பெற்ற பிள்ளை எழுந்து நின்ற மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது, சேத்துல பொரண்ட எருமை மாதிரி கீது?”

“இதுலதான் வெள்ளிமலைக்குப் போறோம்” என்றேன். அவளுடைய அக்காவை அங்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்கா மகளுக்கு வருகிற ஞாயிறு மஞ்சள் நீர்.

அவள் டாங்கில் இருந்த சிராய்ப்பையே பார்த்தாள். “நான் பஸ்ல வரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். ஞாயிறு காலை அவளிடம் சொல்லாமல்கூடக் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை எதிரே எழுந்ததும் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எத்தனையோ தடவை பஸ் ஜன்னலில் பார்த்த மலைதான். என் கையால் பூட்டிய வண்டியில் அதன்மேல் ஏறும்போது வேறு மலையாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் இருக்கிற சமவெளி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பரந்தது. கரும்பும் மரவள்ளியும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. இந்தப் பெரிய மலைமேல் அந்த டீ கிளாஸ் பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கிறதே என்று ஒரு பயபக்தி வந்துவிட்டது. சாமி கும்பிடுகிறபோதுகூட எனக்கு அவ்வளவு வந்ததில்லை.

பாதி மலையில் வண்டி முக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் இழுவை இல்லை. தீய்ந்த பெயிண்ட் நாற்றம் குப்பென்று வந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் இறங்கவில்லை. ஏழு மாத உழைப்பு அவ்வளவுதானா என்று கல்லில் உட்கார்ந்தேன். அரைமணி கழித்துக் கீழேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. அவள் வருகிற பஸ். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலைச்சுவர் ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம்.

பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. சீர்த்தட்டுப் பையோடு அவள் இறங்கினாள்.

“யம்மா, அடுத்த பஸ்ஸு மத்தியானத்துக்கு மேலதான், ஏறிக்கோ” என்றார் கண்டக்டர்.

“நீங்க போங்கண்ணா” என்றாள்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சல்லடைத் தகட்டின் பின்னால் குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, இவ்ளோ சூடா கீறத ஏன் மூடிக் கட்டி வெச்சிகீறீங்க? அவிச்ச நெல்ல ஆற வுடாம குமிச்சி மூடினா இன்னா ஆவும்? புழுங்கிப் போயி அரிசி மஞ்சளா பூடாது? காத்து வோணாமா அதுக்கு?”

இருபது வருஷம் நெல்லுக்குக் காற்று காட்டினவள். எஞ்சினைச் சுற்றி வரிவரியாக இருக்கும் தகடுகள் காற்றுக்காகத்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு எத்தனையோ வீடியோ சொல்லியிருந்தது. நான் அழகுக்காக அதையே அடைத்து, மேலே மூன்று கோட்டிங் பெயிண்டும் போட்டிருக்கிறேன். கூடவே இருக்கிற ஒருத்தியைப் பார்த்து இப்படி மலைத்துப் போவேன் என்று நான் நினைத்ததில்லை.

தகட்டையும் ரப்பரையும் கழற்றி எறிந்தேன். சூடு அடங்கியதும் அவள் வீட்டுச் சாவியால் அந்த வரிகளுக்குள் இருந்த பெயிண்டைச் சுரண்டினாள். நான் எதிர்ப் பக்கம் சுரண்டினேன். ஒரு மணிநேரம் போயிற்று. மிதித்துப் பார்த்தேன், கிக்கர் இறங்கியது. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்தது. “அக்கா, ஒரு சீட்டு கீது, வரீங்களா?” என்றார் டிரைவர்.

“நீ ஏறிக்க. நான் பின்னாடியே வரேன்” என்றேன். நான் கேட்டு அவள் கட்டாயத்துக்கு ஏறக்கூடாது என்று இருந்தது. ஆனால் வண்டியை நகர்த்தாமல் நின்றேன்.

அவள் ஜீப்பைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். “இல்லண்ணா, போங்க” என்றாள். ஜீப் போய்விட்டது. அவள் வண்டிப் பக்கமும் வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அன்னிக்கி தாம்பூலப் பை என் கையிலேர்ந்து நழுவிச்சி. உள்ள தேங்கா. அது வுழுந்துடப் போவுதுன்னு அந்த வளைவுல ஒரேடியா சாஞ்சிட்டேன். அதான் வண்டி இழுத்துச்சி. நீங்க நல்லாத்தான் ஓட்டினு வந்தீங்க.”

“மணல்லதான சறுக்கிச்சி?”

“மணலுக்கு முன்னாடியே நான் சாஞ்சிட்டேன்.” அவள் கண் கலங்கிவிட்டது. “எப்பிடிச் சொல்றதுன்னு தெரில. மறுபடியும் ஏறினா மறுபடியும் உங்கள வுழ வெச்சிடுவேன்னு பயம்.”

மூன்று வருஷமாக நான் என் கையைப் பார்த்துப் பார்த்துக் குமைந்தேன். அவள் ஒரு தேங்காயைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய்வந்திருக்கிறாள். சீர்த்தட்டுப் பையை வாங்கி முன்னால் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினேன். அவள் சரியில்லாத காலைப் பார்த்துப் பார்த்துத் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையும் என் தோளில் விழுந்தன. கிளட்சை விட்டேன். வண்டி மெல்ல நகர்ந்து அடுத்த வளைவை நோக்கி ஏறியது. அவள் விரல்கள் என் சட்டையோடு சதையையும் சேர்த்துப் பிடித்தன.

“ஏங்க, இப்ப நான் எந்தப் பக்கம் சாயணும்?”

“நான் சாயுற பக்கம்” என்றேன்.