கிளி பதித்த வாள்

என் கணவர் இறந்த மறு வருஷம், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. நிலம், கிணறு, மாடு எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. பூஜை அறையில் இருந்த பழைய வாளில்தான் சிக்கல். பாளையக்காரர் காலத்தில் வீட்டுக்கு வந்தது. உறை முழுக்க வெள்ளித் தகடு, அதில் பூங்கொடியும் கிளியும். என் கணவரின் அண்ணன், வீட்டுக்குப் பெரியவர், உறையைக் கேட்டார். தம்பி வாளைக் கேட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆனால் வாள் உறையை விட்டு வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் தகடு ஓரமாகப் பிளந்தது.

"உடுங்க மாமா, நான் எடுக்கறேன்" என்றேன் பெரியவரிடம்.

"உன்னால ஆகற காரியமா அம்மிணி?"

"ஆகலீன்னா அப்புறம் நீங்களே இழுங்க."

விளக்கெண்ணெயைச் சுட வைத்து, உறையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சாய்த்து வைத்தேன். நான்காம் நாள் பிடியை மெல்ல அசைத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. பிடிக்குக் கீழே, துரு ஏறாத இடத்தில், தங்கக் கம்பியால் அதே கொடி, அதே கிளி.

"ரெண்டும் ஒரே கை செஞ்சதுங்க. பிரிக்க வேண்டாமுங்க. மியூசியத்துக்குக் குடுத்துரலாம். கெணத்துத் தண்ணியில என் முறை வாரத்துல ரெண்டு நாளு. ஆளுக்கொரு நாளு உட்டுத் தாரேன்."

தம்பி உடனே ஒப்புக்கொண்டார். தண்ணீர் வேண்டாம் என்று பெரியவரும் சொல்லவில்லை. என்னோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் சென்னையிலிருந்து ஒரு மியூசியம் அதிகாரி வந்து தங்கியிருந்தார். "ரெண்டையும் ஒரே பெட்டியில வெப்பீங்கன்னு எழுதிக் குடுங்க" என்று அவரிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். நான் வாளைக் கீழே வைக்காததைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கோடையில் என் வயலில் பாதி காய்ந்தது. வருந்தவில்லை.

சில வருஷம் கழித்து, கண் வைத்தியத்துக்காகப் பெரியவரைச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள், "அதைப் பார்க்கோணும்" என்றார். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் வந்து எட்டிப் பார்த்தது.

"எங்கூட்டுதுங்க" என்றார் அவர்களிடம். "எங்க அம்மிணிதான் குடுத்துச்சு."