பிரதிக்கு இல்லாத காவல்

ஆறு மாத மகப்பேறு விடுப்பு முடிந்து பெங்களூரு வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்குத் திரும்பிய இரண்டாம் வாரம், எனக்குத் தந்த வேலை சின்னதுதான். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கான ஒரு செயலி. குழந்தையின் எடையை வைத்துக் காய்ச்சல் மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதி என்னுடையது.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. உருவாகிவிட்ட பதிவை யாரும் தொட்டு மாற்றக் கூடாது. எடை மாறினால் பழைய பதிவைப் பிரதியெடுத்து, எடையை மட்டும் புதிதாகப் போட வேண்டும். பதிவை டேட்டா கிளாஸ் என்ற வார்ப்பில் எழுதினால் பிரதியெடுக்கும் வசதி தானாகவே வந்துவிடும். அதோடு ஒட்டியிருக்கும் கம்பானியன் ஆப்ஜெக்ட் என்ற துணைப் பகுதியை நான் காவலுக்கு வைத்தேன். எடை குழந்தையின் வயதுக்கு நம்பும்படி இருந்தால்தான் அது பதிவை உருவாக்கித் தரும்.

குழுத் தலைவி பார்த்து, "நீட்டா கீதும்மா" என்றார். பெங்களூரு ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை மாலை வெளியீடு என்று முடிவாயிற்று.

கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் கணவரைக் கூப்பிட்டுக் கேட்கிறவள் நான். சும்மா இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி சோதித்தேன். என் மகளின் எடையையே போட்டேன்: ஏழு புள்ளி இரண்டு. பிறகு அடுத்த மாதம் எடை பார்த்ததாக வைத்துத் திருத்தும்போது புள்ளி விழவில்லை. எழுபத்திரண்டு. செயலி ஒரு மறுப்பும் சொல்லாமல் பெரியவர்களுக்கான மருந்தளவைக் காட்டியது.

பிரதியெடுக்கும்போது பதிவு என் காவலின் வழியாக வருவதே இல்லை!

யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். சொன்னால், பிள்ளை பெற்று வந்தவளுக்குக் கவனம் போய்விட்டது என்பார்கள். ஆனால் இடையில் இரண்டு நாள். எங்கோ ஒரு நர்ஸ் அவசரத்தில் தட்டுவார். எழுந்து போனேன்.

"அக்கா, இன்னிக்கு ரிலீஸ் வேணாம். என் கோடுல தப்பு இருக்கு."

திரையைப் பார்த்தார். "எழுபத்திரண்டு கிலோவா? பாப்பாவுக்கு இன்னாம்மா ஊட்டுற?"

"சிரிக்காதீங்கக்கா. நீங்க ஓகே சொன்னதுக்கப்புறம் வந்து..."

"அதான் சொல்றேன். நானும் பார்த்தேன், எனக்குத் தெரிஞ்சுதா? உக்காரு."

எடையைச் சரிபார்க்கும் சோதனையை டேட்டா கிளாஸுக்குள்ளேயே நகர்த்தினோம். இப்போது எந்த வழியில் பதிவு உருவானாலும், பிரதியானாலும், அது நடந்தே தீரும். எழுபத்திரண்டைச் செயலி மறுத்தது.

"ஆய்த்து. திங்கக்கிழமை போட்டுக்கலாம். கிளம்பு, பாப்பா காத்துக்கினு இருக்கும்."

மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது மேலாளருக்கு அக்கா அனுப்பிய மெயிலின் நகல் எனக்கும் வந்தது. வெளியீடு தள்ளிப்போகிறது என்றும், பிழையைத் தான் கவனிக்கத் தவறியதாகவும் எழுதி, கண்டுபிடித்தவர் என்று என் பெயரைப் போட்டிருந்தார். உள்ளே கேலி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று மூன்று முறை படித்தேன். இல்லை.