ஏழாம் நம்பர் டிரையர்

கையால் தொட்டுப் பார்க்காத எதையும் அவள் கணக்கில் ஏற்ற மாட்டாள். அதனால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ஸ்டிக்கரம்மா. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆறு சின்னக் கடைகளுக்கு அவள்தான் கணக்கு எழுதுகிறாள். இயந்திரம் வாங்கினோம் என்று பில்லை நீட்டினால் போதாது. நேரில் போய், அதன் முதுகை ஈரத்துணியால் துடைத்து, எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பாள். வாங்கிய தேதி, விலை, எத்தனை வருஷம் உழைக்கும் என்ற மூன்றையும் கொடுத்துவிட்டால், வருஷா வருஷம் தேய்மானத்தை சாஃப்ட்வேரே கழித்துக்கொள்ளும். இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. முதல் வேலையில் பில்லை மட்டும் நம்பி ஓர் ஏசியை அலுவலகச் சொத்தாக ஏற்றினாள். ஏசியோ முதலாளியின் படுக்கையறையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் கேட்டபோது திருதிருவென்று விழித்தது அவள்தான், முதலாளி அல்ல.

சலவைக்கடைக்காரி இந்த வருஷம்தான் அவளிடம் வந்தாள். கட்டடக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். வங்கிக் கடன் கிடைத்தால் புது இடம், இல்லாவிட்டால் மூடுவிழாதான். வெள்ளிக்கிழமை வங்கி அதிகாரி வந்து, சொத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரமாகச் சரிபார்ப்பார்.

பழைய கணக்கர் விட்டுப்போன பட்டியலில் பன்னிரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஸ்டிக்கரம்மா தொட்டுத் தொட்டு ஒட்டிக்கொண்டே வந்ததில் பதினொன்றுதான் தேறின. ஏழாம் நம்பர் டிரையர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஈரத்துணிக் கூடை உட்கார்ந்திருந்தது.

கடைக்காரியின் தம்பி தனிக்கடை போட எடுத்துப் போனானாம், மூன்று வருஷம் ஆகிறதாம், கட்டாயம் திருப்பித் தருவானாம். பழைய கணக்கரிடமும் கடைக்காரி இதையேதான் சொல்லி வந்திருக்கிறாள். தம்பியின் கடை ஆறே மாதத்தில் இழுத்து மூடப்பட்டது. அதற்கப்புறம் அவன் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கலாம்மா. பேங்க்காரர் என்ன தேடிக்கிட்டா போகப் போறாரு?"

"சொல்றது உங்க இஷ்டம்க்கா. எழுதறது நான். தொடாததை எழுத மாட்டேன்."

கடைக்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு வாடிக்கை போனால் வீட்டு வாடகையில் துண்டு விழும் என்று ஸ்டிக்கரம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அசையவில்லை. தம்பியிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றாள்.

கடைக்காரி மூன்றாவது முறை அடித்தபோதுதான் தம்பி ஃபோனை எடுத்தான். டிரையரைப் பழைய இரும்புக்கு எடை போட்டு இரண்டு வருஷம் ஆயிற்று என்றான். சொல்ல முகமில்லாமல்தான் வராமல் இருந்தேன் என்றான். கடைக்காரி திட்டவில்லை. ஃபோனை வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்து மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள். கண்ணீர் வந்ததை மறைக்கவும் இல்லை.

பட்டியலிலிருந்து நீக்கப் போனால், என்ன விலைக்கு விற்றது என்று சாஃப்ட்வேர் கேட்டது.

"சைபர் போடு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல தம்பிக்குக் குடுத்ததுன்னு எழுது," என்றாள் கடைக்காரி.

டிரையரின் மிச்ச மதிப்பு நஷ்டக் கணக்கில் போய் விழுந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஆறுக்கு அடுத்து எட்டு இருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கடைக்காரியே முந்திக்கொண்டு, ஏழாம் நம்பரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டதாக நிமிர்ந்து நின்று சொன்னாள். அவர் பட்டியலிலும் அதையே படித்துவிட்டு எட்டுக்குப் போனார். கடன் பதினைந்தாம் நாள் வந்தது.

புதுக்கடைக்குப் புது டிரையர் வந்த அன்று, அதை வேனிலிருந்து இறக்கியவர்களில் தம்பியும் இருந்தான். கூப்பிடாமலே வந்திருந்தான். ஸ்டிக்கரம்மாவின் டப்பாவில் ஒட்டாமல் கிடந்த ஏழாம் நம்பர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, இது சும்மாதானே இருக்கிறது, இதையே ஒட்டிவிடலாமே என்றான்.

கடைக்காரி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏழு உனக்குக் குடுத்தாச்சுடா. இதுக்குப் பதிமூணு."